சோலையில் வைத்த தட்டு

ஆரியசாலை, திருவனந்தபுரம்
1937 நவம்பர் 8

அன்புள்ள ராஜையன் அவர்களுக்கு,

நம் சபைப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த ஜெயபாயை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். கம்பவுண்டர் பரீட்சைக்குப் படித்த காலத்தில் நீங்கள் பின்வரிசையில் நின்று பாடி, எல்லோருக்கும் முன்னால் பாட்டை முடித்துவிட்டு நிற்பீர்கள். அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தவள் நான்தான். இப்போது பெண்கள் கல்லூரியில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் ஹைரேஞ்சில் தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருப்பதாக உங்கள் அம்மா சொன்னார்கள். காரியம் இல்லாமல் எழுதவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எஸ்டேட்டுக்கு மேலே உச்சி வரை புல்மேடு இருக்கிறதல்லவா? அதன் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலை. மரம் புல்லுக்குள் வராது, புல் சோலைக்குள் நுழையாது. வரப்பு பிடித்த மாதிரி நடுவில் ஓர் எல்லை. அந்த எல்லையைப் போட்டது யார் என்பதுதான் என் கேள்வி. வருஷா வருஷம் வைக்கிற தீதான் மரங்களைத் தடுக்கிறது என்கிறார் எங்கள் பேராசிரியர். தை மாசத்து உறைபனிதான் மரக்கன்றுகளைக் கொல்கிறது என்பது என் எண்ணம். மார்ச்சில் கல்லூரி சயன்ஸ் சங்கத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசிக்க ஒப்புக்கொண்டுவிட்டேன். தேறினால் ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கும். தேறாவிட்டால் காலம் முழுக்கச் செம்பருத்திப் பூவை நீளவாக்கில் வெட்டிக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஒரே குறை, அந்த மலையை நான் பார்த்ததே இல்லை. அப்பாவை உங்களுக்குத் தெரியும், மலஞ்சரக்கு வியாபாரி திரவியம். மிளகும் ஏலமும் சுக்கும் தினமும் மலையிலிருந்து கடைக்கு வந்து இறங்குகின்றன. மகள் மட்டும் மலைக்குப் போகக் கூடாது. கல்யாணமாகாத பெண், குளிர், அட்டை, யானை என்று காரணம் சொல்கிறார். எனக்குக் கல்யாணமாகவில்லை என்பது யானைக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

ஆகவே நீங்கள்தான் எனக்காக ஏற வேண்டும். எஸ்டேட்டிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு உயரத்திலும் இருக்கிற புல்லையும் செடியையும் வேரோடு பறித்து, செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, உயரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கட்டோடு வையுங்கள். புல்மேட்டிலும் சோலைக்குள்ளும் குளிர் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்றும் பாருங்கள்.

மறுத்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். உங்கள் அம்மாவிடம் மட்டும் சொல்வேன்.

இப்படிக்கு,
ஜெயபாய்


கருந்தோடு எஸ்டேட், ஹைரேஞ்சு
1937 நவம்பர் 29

மரியாதைக்குரிய ஜெயபாய் டீச்சருக்கு,

பாட்டை நான் முந்தி முடித்ததில்லை. மற்றவர்கள் பிந்தினார்கள்.

உங்கள் கட்டளைப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மலை ஏறினேன். ஓய்வுநாளில் புல் பறித்த பாவம் உங்களைச் சேரட்டும். கீழே எஸ்டேட் ஓரத்துப் புல் என் தலையை மறைக்கிறது, கசக்கினால் எலுமிச்சை மணம். மேலே போகப் போக அந்தப் புல் காணாமல் போய், முழங்கால் உயரத்தில் வேறு புல் கொத்துக் கொத்தாக வருகிறது. சோலையும் அப்படித்தான். கீழே அண்ணாந்து பார்க்க வேண்டிய மரங்கள், உச்சிக்குக் கிட்டே காற்றுக்குப் பயந்து குனிந்து என் உயரத்துக்கு நிற்கின்றன, உடம்பெல்லாம் பாசி. தொழிலாளர்கள் காட்டுப்பூவரசு என்கிற ஒரு முறுக்கு மரம் மட்டும் யாரையும் லட்சியம் பண்ணாமல் புல்மேட்டில் தனியாக நின்று சிவப்பாகப் பூத்திருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்தது.

நீரோடைப் பாறைகளில் நம் ஊர்க் காசித்தும்பையின் சொந்தக்காரர்கள் பல நிறத்தில் இருக்கிறார்கள். ஒரு ஓடையில் இருப்பது அடுத்த ஓடையில் இல்லை. தாளில் வைத்து அழுத்தியதும் பூ கூழாகிவிட்டது. ஆகவே படம் வரைந்து வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்த எங்கள் டாக்டர், வாத்து நன்றாக வந்திருக்கிறது என்றார்.

குளிரைப் பார்க்க ஆஸ்பத்திரி தெர்மாமீட்டரைப் புல்லில் வைத்தேன். காய்ச்சல் பார்க்கிற கருவி, தொண்ணூற்றைந்துக்குக் கீழே அதற்குக் கணக்கே தெரியாது. மலைக்குக் காய்ச்சல் இல்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

எல்லாக் கட்டுகளையும் ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டி ஒன்றில் வைத்து எஸ்டேட் லாரியில் அனுப்பியிருக்கிறேன். வீட்டு விலாசம் லாரிக்காரனுக்குத் தெரியாதென்பதால் உங்கள் அப்பாவின் கடைக்குப் போய்ச் சேரும். என்னிடமிருந்து அட்டைகள் குடித்த ரத்தத்துக்குக் கணக்கு இல்லை.

பணிவுடன்,
ராஜையன்


ஆரியசாலை
1937 டிசம்பர் 14

அன்புள்ள ராஜையன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

பெட்டி வந்த அன்று நான் கல்லூரியில் இருந்தேன். மலையிலிருந்து கடைக்கு ஒரு பெட்டி வந்து, உள்ளே சீட்டு வைத்த கட்டுகள் இருந்தால், மலஞ்சரக்கு வியாபாரி என்ன நினைப்பார்? மாதிரி என்றுதான் நினைப்பார். ஏலக்காய் மாதிரி வந்தால் என்ன செய்வாரோ அதையே அப்பா செய்தார். கட்டுகளை எல்லாம் பிரித்துச் சாக்கின்மேல் கொட்டி, முகர்ந்து, மென்று, கையால் அளைந்து, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று மூன்று குவியலாகப் பிரித்தார். சீட்டுகளைத் தூசி என்று ஊதிவிட்டார். நீங்கள் அடி அடியாக ஏறிப் பிரித்த மலை, ஒரு சாயங்காலத்தில் மூன்று தரமாகிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. முதல் தரம் உங்கள் எலுமிச்சை மணப் புல். தேயிலைப் பெட்டியில் வந்ததால் புதுச் சாதிச் சாயா என்று முடிவு பண்ணி, கொதிக்கவைத்து, கடைக்கு வந்த நாலு பேருக்கும் கொடுத்துத் தானும் குடித்தார். நான் போனபோது மூன்றாவது டம்ளரில் இருந்தார். "இது கொள்ளாம் மக்ளே, வாயு எல்லாம் போச்சு. இன்னும் ரெண்டு பெட்டி அனுப்பச் சொல்லு" என்றார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். விஷயம் புரிந்ததும் அப்பா பாவம், ஒடுங்கிப்போனார். ஆனால் யானை வாயில் போன கரும்பு திரும்புமா? மிஞ்சியது உங்கள் வாத்துப் படம் மட்டும்தான்.

எனக்காக இன்னொரு தடவை ஏற முடியுமா? கேட்க வாய் வரவில்லை, கை எழுதிவிட்டது. தெர்மாமீட்டரை விட்டுவிடுங்கள். இரண்டு பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒன்றைப் புல்மேட்டிலும் ஒன்றைச் சோலைக்குள்ளும் ராத்திரி வைத்துக் காலையில் பாருங்கள். எதில் உறைகிறது, எதில் உறையவில்லை என்று தெரிந்தால் போதும், என் கட்டுரைக்கு அதுதான் உயிர்.

இப்படிக்கு,
வெட்கத்துடன் ஜெயபாய்


கருந்தோடு எஸ்டேட்
1937 டிசம்பர் 22

ஜெயபாய் டீச்சருக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். பண்டிகை என்பதால் சொல்கிறேன்.

முடியாது. உங்கள் அப்பாவின் வாயுவுக்காக நான் மூன்று வாரம் வழுக்கி விழுந்து எழுந்ததாக இங்கே எஸ்டேட் முழுக்கப் பேச்சு. டாக்டர் தினமும் "இன்று என்ன சாயா பறித்தீர்?" என்று விசாரிக்கிறார். ஏறினால் வலி எனக்கு, முகர்ந்தால் மணம் அவருக்கு.

கோபத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் எத்தனை தடவை பறித்து அனுப்பினாலும் உங்கள் கட்டுரை தேறாது. அந்த எல்லை இருக்கிறதே, அதைக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்ற முடியாது. அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும். பார்த்தவன் எழுதினாலும் பாதிதான் வருகிறது. நீங்கள் பார்க்காமல் எழுதப் போகிறீர்கள். அடுத்தவன் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பாடம் நடத்துவீர்கள்?

பிப்ரவரியில் மாட்டுக்குப் புதுப்புல் வேண்டுமென்று மேட்டுக்குத் தீ வைத்துவிடுவார்கள். அப்புறம் இந்த வருஷம் பார்க்க ஒன்றும் இருக்காது. வருவதானால் அதற்குள் வாருங்கள். வராவிட்டால் செம்பருத்தியை வெட்டுங்கள்.

ராஜையன்


ஆரியசாலை
1938 ஜனவரி 5

திரு. ராஜையன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். நாலு தடவை படித்தேன், நாலு தடவையும் கோபம் வந்தது. ஐந்தாவது தடவை, நீங்கள் சொன்னது சரி என்று பட்டது. அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று.

அந்தக் கோபத்தை அப்பாமேல் காட்டினேன். புது வருஷத்து ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். "அப்பா, கண்ணால் பார்க்காத சரக்குக்கு நீங்கள் விலை சொல்வீர்களா?" என்று கேட்டேன். தொழிலில் முப்பது வருஷம், ஒருநாளும் சொன்னதில்லை என்றார் பெருமையாக. கொள்முதல் இடத்துக்கே போய்ப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், ஏலக்காய் வாங்கக் குமுளி வரை நடந்த கதையை இன்னொரு தடவை சொன்னார். "அப்போ நான் மட்டும் பார்க்காமல் எழுதி, நாலு பேர் முன்னால் வாசிக்கலாமா?" என்றேன். மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கினார். மோருக்கு வந்தபோது, "ஆலுவாயிலேருந்து மலைக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டார்.

பொங்கல் விடுமுறைக்கு வருகிறோம். அப்பாவும் கூட வருகிறார், அந்தப் புல் நிற்கிற இடத்தை அவருக்கும் பார்க்க வேண்டுமாம். கம்பளி எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் கடைசி வாக்கியத்தை நான் மறக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜெயபாய்


ஆரியசாலை
1938 ஜனவரி 30

அன்புள்ள ராஜையன் அவர்களுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். அப்பா இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு சாலைக் கடைத்தெருவில் நடந்து, ஹைரேஞ்சுக் குளிர் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓடையில் நீங்கள் அவரை முதுகில் தூக்கிக் கடந்ததையும் சொல்கிறார். அவர் சொல்கிற ஓடை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அகலமாகிறது.

முதல் மூன்று நாள் மூடுபனியில் என் கையே எனக்குத் தெரியாமல், இத்தனை தூரம் வந்தும் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று நான் அழுததை நீங்கள் யாரிடமும் சொல்லாததற்கு நன்றி. நாலாம் நாள் விடியலில் ஜெபம் பண்ண எழுந்த அப்பா கதவைத் தட்டி எழுப்பினாரே, அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மேடெல்லாம் உப்பு பரப்பியது போல் வெள்ளை. சோலை மட்டும் கருப்பாக, ஈரமாக, ஒரு இலைகூட வெளுக்காமல் இருந்தது. வெள்ளை முடிகிற இடத்தில்தான் மரம் தொடங்கியது. எனக்கு அப்போது யாரையாவது கட்டிக்கொண்டு கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் காட்டுப்பூவரசுதான் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டேன்.

இனி சண்டை. வெயில் வந்தால் பனி போய்விடும் என்று, ராத்திரி வைத்த இரண்டு தட்டையும் பார்க்கிற வேலையைப் பிரித்துக்கொண்டோம். புல்மேட்டுத் தட்டு எனக்கு, சோலைத் தட்டு உங்களுக்கு. என் தட்டில் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது, குறித்துக்கொண்டேன். உங்கள் தட்டைப் பற்றிக் கேட்டபோது "ஆ, அது..." என்று ஏதோ முணுமுணுத்தீர்கள், அதற்குள் எங்களை ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தால் பாதிக் கட்டுரைதான் இருக்கிறது. சோலைக்குள் உறையவில்லை என்று காட்டாவிட்டால், மேட்டில் உறைந்தது என்பதற்கு என்ன மதிப்பு? பேராசிரியர் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார்.

தயவுசெய்து மறு தபாலில் எழுதுங்கள். சோலைத் தட்டில் இருந்தது என்ன?

ஜெயபாய்


கருந்தோடு எஸ்டேட்
1938 பிப்ரவரி 11

அன்புள்ள ஜெயபாய்க்கு,

அன்று காலை சோலைத் தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

தண்ணீர் இருந்தது என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். உங்களுக்கும் அதுதான் வேண்டும், உண்மையும் அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்துவிட்டேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத மனம் வரவில்லை. அதுவும், பார்க்காமல் எழுதலாமா என்று உங்களையே அத்தனை கடுமையாகக் கேட்டவன் நான்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மறுபடி இரண்டு தட்டையும் அதே இடத்தில் வைத்தேன். ஒவ்வொரு விடியலிலும் ஏறிப் பார்த்தேன். ஐந்து நாள் மேட்டிலும் உறையவில்லை. ஆறாம் நாள், பிப்ரவரி எட்டாம் தேதி, மேடு வெளுத்தது. புல்மேட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டினேன், பனிக்கட்டி அப்பளம் போல் முழுதாக விழுந்தது. உடனே சோலைக்கு ஓடினேன். அந்தத் தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, ஒரு இலை மிதந்தது, விரலால் தொட்டும் பார்த்தேன். இதை நான் பார்த்தேன், சத்தியம். மறுநாளே மேட்டுக்குத் தீ வைத்துவிட்டார்கள். இப்போது எல்லாம் கரி. காட்டுப்பூவரசு மட்டும் பட்டை கருகி, சாகாமல் நிற்கிறது.

அடுத்த பக்கத்தில் எழுதப் போவது கட்டுரைக்குத் தேவையில்லாதது.

அன்று நான் சோலைப் பக்கம் நாலு எட்டு வைத்தவன் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் செருப்பை உதறிவிட்டு அந்தப் பனியில் ஓடினீர்கள். அப்புறம் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டீர்கள். எனக்கு அந்த மரத்தின்மேல் வந்த பொறாமையில் தட்டும் மறந்தது, சோலையும் மறந்தது. வெயில் ஏறி, பனி உருகி, நீங்கள் "தட்டு?" என்று கேட்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஜெயபாய், உங்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆர்மோனியம் வாசித்த காலத்திலிருந்தே. பாட்டை முந்தி முடித்ததும் அதனால்தான், முடித்துவிட்டால் மிச்ச நேரம் உங்களைப் பார்க்கலாம்.

நீங்கள் கல்லூரி டீச்சர், நான் கம்பவுண்டர். இது எனக்குத் தெரியாமல் இல்லை. பிடிக்காவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ளது எப்படியும் உங்களுடையது.

ராஜையன்


ஆரியசாலை
1938 மார்ச் 7

அன்புள்ள ராஜையனுக்கு,

நேற்று முன்தினம் கட்டுரை வாசித்தேன். ஹால் நிறைந்திருந்தது. அப்பா இஸ்திரி போட்ட கோட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் புரியாதென்று பக்கத்தில் எங்கள் ஓமனா டீச்சர் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜனவரி காலையைப் பற்றி, புல்மேட்டுத் தட்டு உறைந்தது, சோலைத் தட்டை அன்று பார்க்கத் தவறிவிட்டோம் என்று உள்ளபடி வாசித்தேன். பிறகு பிப்ரவரி எட்டாம் தேதி இரண்டையும் பார்த்தவர் ராஜையன், எஸ்டேட் கம்பவுண்டர் என்று வாசித்தேன். தீயும் உண்டு, ஆனால் தீ வைக்காத இடத்திலும் பனி அந்த எல்லையைக் காக்கும் என்று முடித்தேன். பேராசிரியர் எழுந்தார். எல்லாம் சரி, ஆனால் இந்தக் கட்டுரை முழுதும் ஒரு கம்பவுண்டர் விரலால் தொட்டுப் பார்த்த தண்ணீரில் நிற்கிறது, அவரை நம்பலாமா என்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தால் உங்கள் கடிதத்தின் எந்தப் பக்கத்தில் உள்ளது வெளியே வருமோ என்று பயந்தேன்.

அதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம். அப்பா எழுந்து நின்றார்.

"சாரே, அந்தப் பையனுக்கு நான் ஜாமீன்" என்றார். "பாக்காததைப் பாக்கலைன்னு எழுதுன ஆளு. எங்க கடைத்தெருவுல அப்படி ஒருத்தனைக் காட்டுங்க பாப்போம்."

ஹாலே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். போகும்போது, ஜூன் மாதம் ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் கொடு, நான் சிபாரிசு எழுதுகிறேன் என்றார். அந்த நிமிஷம் நீங்கள் அங்கே இல்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.

அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் கடிதம் வந்த அன்று சந்தோஷம் தாங்காமல் முதல் பக்கத்தைக் காட்டினேன். சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் விடுகிற ஆளா அவர்? நான் தடுப்பதற்குள் இரண்டாம் பக்கத்தையும் படித்துவிட்டார். கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உனக்கு என்ன மக்ளே தோணுது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தோன்றியதை அவரிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். நீங்கள் சோலைப் பக்கம் போகாமல் நின்றது எனக்கு அன்றே தெரியும். நானும் திரும்பிப் பார்த்தேன். தெரிந்துகொண்டே தட்டைப் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதினேன். தட்டும் வேண்டியிருந்தது, நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

உத்தியோகத்தையும் ஆராய்ச்சியையும் நான் விட மாட்டேன். கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் மலையில் இருப்பேன். மற்ற மாதங்களில் நாம் எங்கே, எப்படி இருப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம். திருவனந்தபுரத்திலும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, காய்ச்சலும் இருக்கிறது. கம்பவுண்டர், டீச்சர் என்ற பேச்சை இனி எழுதாதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் அம்மாவை வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆரியசாலைக்கு வரச்சொல்லுங்கள். அப்பா கடைக்குப் போக மாட்டார். நானும் வீட்டில் இருப்பேன்.

உங்கள்
ஜெயபாய்